அறுபத்தோராம் எண் போனை எறும்பு தின்ற விவரம்

மதிப்பிற்கும் மரியாதைக்கும் உரிய அத்தான் அவர்களுக்கு,

தங்கள் மைத்துனன், தங்கள் பள்ளியின் வேதியியல் ஆய்வுக்கூட உதவியாளன், வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கு நான் நலம். தங்கள் நலத்தை விசாரிக்க வேண்டிய அவசியம் இல்லை. இன்று பகல் பன்னிரண்டரை மணிக்கு என்னைத் திட்டிக்கொண்டே இரண்டு மாடி ஏறினீர்கள், ஓர் இடத்திலும் மூச்சு வாங்கவில்லை. அந்த ஆரோக்கியம் என்றைக்கும் நிலைக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். அக்காவுக்கு என் அன்பு.

தாங்கள் என்னிடம் கேட்டிருப்பது போன் அலமாரி விவகாரத்துக்கு விளக்கக் கடிதம். ‘தலைமையாசிரியர் அவர்களுக்கு, மூன்று படிகளில்’ என்று துண்டுச் சீட்டில் எழுதி அனுப்பியிருந்தீர்கள். தலைமையாசிரியருக்கு எழுதினால் ‘பணிவுடன்’ என்ற சொல் வரிக்கு இரண்டு தடவை வர வேண்டும். இன்றைக்கு எனக்கு அது வராது. ஆகவே அத்தானுக்கு எழுதுகிறேன், அத்தானுக்கு ஒரு படி போதும். இதை அக்காவிடம் காட்ட மாட்டேன் என்றும் இப்போதே உறுதி சொல்கிறேன். பள்ளிக்கூடத்தை வீட்டுக்குள் இழுத்துவரும் பழக்கம் இருபத்தாறு வருஷமாக எனக்குக் கிடையாது, இனியும் வராது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தாங்கள் எழுதி நீட்டிய அந்த அறிக்கையில் நான் கையெழுத்துப் போட மாட்டேன். நாளைக் காலைக் கூட்டத்துக்குள் போட வேண்டும் என்றீர்கள். நாளைக்கும் மாட்டேன், நாளை மறுநாளும் மாட்டேன். ஏன் மாட்டேன் என்று தாங்கள் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்லத்தான் போகிறேன், உட்கார்ந்து படியுங்கள்.

இதெல்லாம் தங்கள் உரையில்தான் ஆரம்பித்தது. பள்ளி திறந்த இரண்டாம் வாரம் எல்லாரையும் வெயிலில் நிறுத்தி வைத்து, மாணவர்களைப் பிடித்து ஆட்டும் கைபேசி மோகத்தைப் பற்றி நாற்பது நிமிஷம் பேசினீர்கள். நல்ல உரை, நான் குறை சொல்லவில்லை. அதைக் கைபேசியைப் பார்த்தே படித்தீர்கள், அதுகூடப் பரவாயில்லை, வயசானால் ஞாபகம் நிற்காது. “மாணவச் செல்வங்களே! கைபேசி உங்கள் நேரத்தைத் தின்னும், உங்கள் கண்ணைத் தின்னும், கடைசியில்...” என்று குரலை உயர்த்தி, ஒரு கணம் நிறுத்தி, “வரும்போது துணி சோப்பு ரெண்டு வாங்கிட்டு வாங்க, நீலக் கலர் வேண்டாம்” என்று முழங்கினீர்கள். திரையின் மேலே வந்து விழுந்த அக்காவின் செய்தி. அறுநூறு பிள்ளைகளும் கை தட்டினார்கள் பாருங்கள், அப்படி ஒரு கைதட்டலை நான் அந்த மைதானத்தில் கேட்டதே இல்லை. தாங்கள் அதை உரைக்குக் கிடைத்த கைதட்டலாக எடுத்துக்கொண்டு, அன்று மத்தியானமே ‘கைபேசி இல்லாப் பள்ளி’ என்று வாசலில் பலகை மாட்டச் சொல்லிவிட்டீர்கள்.

விதியும் அன்றே வந்துவிட்டது. ஒரே ஒரு வாக்கியம்தான்: ‘ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையுள்ள மாணவர்கள் தங்கள் கைபேசியை அணைத்து, ஆய்வுக்கூட உதவியாளரிடம் ஒப்படைத்து, மாலை மணி அடித்ததும் திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டும்.’ ஏன் என்னிடம்? பள்ளியிலேயே ஒழுங்காகப் பூட்டு விழும் அலமாரி அமில அலமாரி ஒன்றுதான், அது என்னிடம் இருந்தது. அமிலப் பாட்டில்களை எல்லாம் ஜன்னல் மேடைக்கு மாற்றிவிட்டு, சோதனைக் குழாய் வைக்கும் தட்டுகளை அறுத்து நூற்று நாற்பத்து நான்கு அறை செய்து, ஒவ்வொன்றுக்கும் எண் ஒட்டி, சாவியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டேன். பிள்ளைகள் என்னை ‘லேப் அண்ணா’ என்று கூப்பிடுவதை விட்டுவிட்டு ‘லாக்கர் அண்ணா’ என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். தாங்கள் ஒரு தடவையாவது ‘நல்லா பண்ணியிருக்கே மச்சான்’ என்று சொல்வீர்கள் என்று நானும் எட்டு மாசம் பார்த்தேன்.

என்னிடம் ஒரு பழக்கம் உண்டு என்பது தங்களுக்குத் தெரியும். ஆய்வுக்கூடத்துக்குள் எது வந்தாலும் எடை பார்த்துப் பதிவேட்டில் எழுதாமல் உள்ளே வைக்க மாட்டேன். உப்பானாலும் சரி, சுண்ணாம்பானாலும் சரி. நாளைக்கு ஒருத்தன் வந்து ‘என் போன் நேத்து முழுசா இருந்துச்சு, இன்னிக்குப் பாதிதான் இருக்கு’ என்று சொன்னால் நான் என்ன பதில் சொல்வது? ஆகவே தினமும் காலை ஒன்பதரைக்கு உட்கார்ந்து, நூற்று நாற்பத்து நான்கையும் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்து, தராசில் வைத்து, கிராம் கணக்கில் எழுதி முடிக்கப் பதினொன்றரை ஆகிவிடும். ‘உடையக்கூடிய பொருட்கள்’ என்ற தலைப்பில் இரண்டு பதிவேடு நிரம்பிவிட்டது, மூன்றாவது ஓடுகிறது. உலகத்தில் எந்தப் பள்ளியிலும் மாணவர்களின் போன்களுக்கு இப்படி ஒரு வரலாறு எழுதப்பட்டிருக்காது.

அந்த வரலாற்றில்தான் அறுபத்தோராம் எண் சிக்கியது. அது பதினொன்றாம் வகுப்பு அ பிரிவின் தலைவனுடையது. தாங்களே மேடையில் கூப்பிட்டு ‘முன்மாதிரி மாணவன்’ என்று வில்லை குத்தினீர்களே, அவன்தான். அவன் போன் முதல் நாள் நூற்று எண்பத்திரண்டு கிராம். மூன்றாம் வாரம் நூற்று எழுபத்தொன்று. ஐந்தாம் வாரம் நூற்று அறுபது. தராசில் கோளாறு என்று நினைத்துத் தராசைக் கழற்றி மாட்டினேன், கோளாறு இல்லை. சார்ஜ் இறங்க இறங்க போன் இளைக்கும் போலிருக்கிறது என்று எனக்கு நானே முடிவு கட்டிக்கொண்டு, சந்தேகம் தீர இயற்பியல் ஆசிரியரிடம் போய்க் கேட்டேன். ஆசிரியர் அறையில் ஏழு பேர் உட்கார்ந்திருந்தார்கள், ஏழு தலையும் குனிந்திருந்தன, ஏழு கட்டை விரல்களும் ஓடிக்கொண்டிருந்தன. “சார், சார்ஜ் குறைஞ்சா எடை குறையுமா?” என்றேன். அவர் தலையைத் தூக்காமலே, “கொள்கையளவுல குறையும்” என்றார். படித்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அதையும் பதிவேட்டில் எழுதிக்கொண்டேன்.

பிறகு எறும்பு வந்தது. அலமாரியின் இடுக்கில் ஒரு வரிசை, நேராக அறுபத்தொன்றுக்குப் போய்த் திரும்பி வந்தது. போனுக்குள் எறும்புக்கு என்ன வேலை என்று எந்த மனிதனுக்கும் தோன்றியிருக்க வேண்டும். எனக்குத் தோன்றியது என்ன தெரியுமா? பையன் இனிப்பு தின்ற கையோடு போனைத் தொட்டிருக்கிறான், சுத்தம் போதாது என்று தோன்றியது. எறும்பு மருந்துச் சாக்கட்டியால் சுற்றிலும் கோடு போட்டேன். அவனைக் கூப்பிட்டு, “கையைக் கழுவிட்டுப் போனைத் தொடு, தம்பி” என்றும் சொன்னேன். “சரிங்கண்ணா, இனிமே கழுவறேன்” என்று எவ்வளவு பணிவாகச் சொன்னான்! அந்தப் பணிவைத் தலைமையாசிரியருக்கு எழுதும் கடிதத்துக்குக் கடன் வாங்கலாம்.

இன்னும் கேளுங்கள். இருபத்து மூன்றாம் எண் ஒருநாள் கை தவறி விழுந்து முதுகு திறந்துகொண்டது. உள்ளே நாலாக மடித்த காலண்டர் தாள். புது மாடல், பேட்டரிக்குக் கவசம் போட்டிருக்கிறார்கள் என்று வியந்து பத்திரமாக மூடி வைத்தேன். நூற்றுப் பன்னிரண்டாம் எண் கல் போலக் கனத்தது. ‘உறுதியான தயாரிப்பு’ என்று எழுதினேன். அது கல்தான், தரையில் பதிக்கும் ஓட்டுத் துண்டு. பள்ளிக்கு எதிர்ச் சந்தில் போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவர் இந்த வருஷம் என்னைக் கண்டால் எழுந்து நின்று வணக்கம் வைக்க ஆரம்பித்தார். மழை பெய்தால் ஓடி வந்து, “சார், நனையாதீங்க, கடைக்குள்ள வந்து நில்லுங்க” என்பார். பத்து வருஷமாக மூட்டை மூட்டையாகக் குவிந்து கிடந்த செத்த போன்கள் எல்லாம் எப்படித் தீர்ந்தன என்று அந்தக் கடைக்குள் நின்றுகொண்டே நான் யோசிக்கவில்லை. என்னை முட்டாள் என்று திட்டினீர்கள், அதை நான் மறுக்கவே இல்லை. முட்டாளாக இருந்தேன் என்று வேண்டுமானால் எழுதித் தருகிறேன், அதில் கையெழுத்தும் போடுகிறேன், மூன்று படிகளில்.

ஆனால் எண்பத்தெட்டாம் எண்ணைப் பற்றிப் பேசாதீர்கள். அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

எண்பத்தெட்டு, பதினொன்றாம் வகுப்பு ஆ பிரிவுப் பெண். பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் ‘சார்ஜர்’. எந்த அறைக்குப் போனாலும் பிளக் இருக்கும் சுவரை ஒட்டித்தான் உட்காருவாள். போன வருஷ அரையாண்டுத் தேர்வில் இரண்டு பாடத்தில் தவறினாள், தாங்களே கூப்பிட்டு “கைபேசிப் பைத்தியம்” என்று எல்லார் முன்னாலும் சொன்னீர்கள். திட்டம் தொடங்கி ஒரு வாரம் அவள் போன் கொண்டுவரவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தாள். எட்டாம் நாள் மற்றவர்கள் எல்லாம் போன பிறகு தயங்கித் தயங்கி வந்து நின்றாள்.

“லேப் அண்ணா, இந்தாங்க.”

“கொண்டு வரலேன்னு சொன்னியே?”

“பையிலதான் இருந்துச்சு. பொய் சொன்னேன்.” தலையைக் குனிந்துகொண்டாள். “என் கை எனக்கு அடங்க மாட்டேங்குது அண்ணா. ஒரு கணக்கை எடுத்தா, ரெண்டு வரி போடறதுக்குள்ள கை தானாப் பைக்குள்ள போகுது. எதுக்கு எடுத்தேன்னே தெரியாது, எடுத்துப் பார்த்துட்டு இருப்பேன். நிமிர்ந்தா பீரியட் முடிஞ்சிருக்கும். நீங்க பூட்டி வைங்க. நான் வந்து திருப்பிக் கேட்டாலும் குடுக்காதீங்க.”

அத்தான், தங்கள் நாற்பது நிமிஷ உரையைவிட இந்த நாலு வரியில் விஷயம் அதிகம். அந்தப் பெண் சொன்னபடியே கேட்கவும் வந்தாள். முதல் வாரம் தினமும் வந்தாள். ஒருநாள் வயிற்று வலி என்றாள். ஒருநாள் அம்மாவுக்கு அவசரம் என்றாள், ஆபீஸ் போனில் பேசு என்றேன். ஒரே மாமாவை இரண்டு தடவை சாகடித்தாள். நான் கொடுக்கவில்லை. ஒருநாள் மேஜையைக் குத்தி, “நீங்கள்லாம் மனுஷனா?” என்று கத்திவிட்டுப் போனாள். சாவியைக் கழுத்திலிருந்து கழற்றிவிட்டேன், கொடுத்துத் தொலைத்துவிடலாமா என்று. மாலை வந்து, “குடுக்காம இருந்ததுக்கு நன்றிண்ணா” என்று மெதுவாகச் சொல்லிவிட்டு வாங்கிக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு பதினைந்து நாளுக்கு ஒரு தடவைதான் வந்தாள், பிறகு அதுவும் நின்றுவிட்டது. அரையாண்டுத் தேர்வில் எல்லாப் பாடத்திலும் தேறினாள். வகுப்பில் மற்றவர்கள் எல்லாம் செத்த போனைக் கொடுத்துவிட்டு உயிருள்ளதைப் பையில் வைத்திருப்பது அவளுக்குத் தெரியும். அவளையும் ஒன்று வாங்கிக்கொள்ளச் சொல்லிக் கிண்டல் செய்திருக்கிறார்கள். யாரையும் காட்டிக்கொடுக்காமல், தான் மட்டும் தன் போனைக் கொண்டுவந்து கொடுத்தாள். இந்தத் திட்டத்தால் இந்தப் பள்ளியில் உருப்பட்ட ஒரே பிள்ளை அவள்தான். அவளைத்தான் தாங்கள் தண்டிக்கச் சொல்கிறீர்கள்.

இன்று காலை நடந்ததைத் தாங்களும் பார்த்தீர்கள், ஆனால் தாங்கள் பார்த்ததைத் தங்கள் அறிக்கையில் காணவில்லை. ஆகவே நான் எழுதிவைக்கிறேன். காலை முதல் பீரியடே ஆ பிரிவுக்கு வேதியியல் தேர்வு. எண்பத்தெட்டு தாமதமாக ஓடி வந்தாள், மணி அடித்துவிட்டது. போனை அணைக்க நின்றாள். நான்தான், “நான் அணைச்சுக்கறேன், நீ ஓடு, கேள்வித்தாள் குடுத்துருவாங்க” என்று பிடுங்கி வாங்கினேன். அவளை அனுப்பிவிட்டு அணைக்கப் பார்த்தேன். எந்தப் பொத்தானை அழுத்தினேனோ, டார்ச் எரிந்தது. மறுபடி அழுத்தினேன், என் மூக்கைப் படம் பிடித்தது. சரி, கிடக்கட்டும் என்று கவிழ்த்து வைத்துப் பூட்டினேன். அது அணையாமல் இருந்ததற்கு முழுக் காரணம் இந்தக் கை. இதை அறிக்கையில் எழுதச் சொன்னேன், ‘தேவையற்ற விவரம்’ என்று அடித்துவிட்டீர்கள்.

பதினொரு மணிக்கு ஆய்வு அதிகாரி வந்தார். முன்மாதிரிப் பள்ளிக் கேடயத்துக்கு நம் பள்ளியைப் பரிந்துரைக்கத்தான் வந்தார், நல்ல மனிதர், வந்ததும் என் அலமாரியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பதிவேட்டைப் புரட்டி, “எடை எதுக்குய்யா?” என்றார். “கொள்கையளவுல வேணும் சார்” என்றேன். அப்போதுதான் அவருக்குத் தன் டிரைவரைக் கூப்பிட வேண்டியிருந்தது, பார்த்தால் அவர் போனில் சார்ஜ் இல்லை. தங்கள் போனைக் கேட்டார். தாங்களோ, ‘தலைமையாசிரியரே கைபேசி வைத்துக்கொள்வதில்லை’ என்று காட்டுவதற்காக அதைத் தங்கள் அறையில் கோப்புகளுக்கு அடியில் ஒளித்துவிட்டு வந்திருந்தீர்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம். “நூத்து நாப்பத்து நாலு இருக்கு சார், எதை வேணும்னாலும் எடுங்க!” என்று கையை வீசிக் காட்டினீர்கள். அந்தக் கை வீச்சுதான் நம் எல்லார் தலையிலும் விழுந்தது.

முதல் போன் எரியவில்லை. இரண்டாவதும் எரியவில்லை. ஐந்தாவதில் அதிகாரி தன் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். பத்தாவதில் முதுகு திறந்து காலண்டர் தாள் விழுந்தது, அவர் தேதியைப் படித்துவிட்டு, “இது நாலு வருஷம் பழசு” என்றார். ஓட்டுத் துண்டை மேஜையில் வைத்தபோது மேஜை ‘டொக்’ என்றது. அறுபத்தொன்றைத் தாங்களே எடுத்துக் கொடுத்தீர்கள், “இது நம்ம முன்மாதிரி மாணவனோடது சார்” என்று பெருமையாக. அழுத்தியதும் அது நொறுங்கியது. பழைய உறை, முன்னால் ஒரு கறுப்புக் கண்ணாடி, நடுவில் ஒரு பிஸ்கட் பாக்கெட், அதில் எறும்பு போக எஞ்சிய தூள். எட்டு மாசமாக நான் எடை பார்த்தது பிஸ்கட்டை. தாங்கள் விரலை உதறிக்கொண்டு நின்றீர்கள், கையில் எறும்பு ஏறிவிட்டது.

அந்த நேரத்தில்தான் எண்பத்தெட்டு மணி அடித்தது. டார்ச் வெளிச்சம் வேறு, அலமாரிக்குள் கார் நிற்பது போல. திரையில் ‘லீடர்’ என்று பெயர். அதிகாரி எடுத்து, சத்தமாகக் கேட்கும்படி வைத்தார். “ஏய், காலையில நீங்க எழுதின அதே கேள்வித்தாள்தான். மூணாவதுக்கு என்ன வரும்? சீக்கிரம் சொல்லு, சார் ஜன்னல் பக்கம் திரும்பியிருக்கார்.” குரல் போனிலும் கேட்டது, மாடியில் அ பிரிவிலிருந்தும் கேட்டது. ஆ பிரிவில் ஒருத்தி நிஜப் போனையே ஒப்படைக்கிறாள் என்பது அந்த முன்மாதிரி மாணவனுக்குத் தெரியாது போலிருக்கிறது. தாங்கள் முகத்தை மாற்றாமல், “ஏதோ ராங் நம்பர், சார்” என்றீர்கள். அதிகாரி போனை வாய்க்கருகே கொண்டுபோய், “மூணாவது எனக்கும் தெரியலை, தம்பி. கீழே லேப்புக்கு வா, சேர்ந்து தேடலாம்” என்றார். மாடியில் ஒரு பெஞ்சு சாய்ந்த சத்தம் வந்தது.

அதிகாரி வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு, “இதை நான் எப்படி எழுதறது? நீங்களே ஒரு அறிக்கை தயார் பண்ணி, இந்த அலமாரிக் காவலாளி கையெழுத்தோட அனுப்புங்க” என்று சொல்லிப் போனார். அப்புறம் தங்கள் அறையில் தாங்கள் பேசியதை ஒரு எழுத்துக் குறையாமல் தருகிறேன், மறந்திருந்தால் ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள்.

“விதி என்ன மச்சான்? சொல்லு.”

“அணைச்சு ஒப்படைக்கணும், சார்.”

“நூத்து நாப்பத்து மூணு பேரு ஒப்படைச்சாங்களா, இல்லையா?”

“ஒப்படைச்சாங்க.”

“அணைஞ்சிருந்துச்சா?”

“அணைஞ்சிருந்துச்சு சார். நாலஞ்சு வருஷமாவே அணைஞ்சிருக்கு.”

“விதண்டாவாதம் பேசாதே. எரிஞ்ச நிலையில இருந்தது எது?”

“எண்பத்தெட்டு. ஆனா அதுதான் சார் போன்!”

“அப்போ விதியை மீறினது யாரு? நூத்து நாப்பத்து நாலு பேர்ல ஒரே ஒரு ஆள். அவளைப் பத்து நாள் இடைநீக்கம் பண்ணினா பள்ளி சுத்தம். கேடயம் தப்பிக்கும். இங்கே ஒரு கையெழுத்துப் போடு.”

“பையன் தேர்வு நடுவுல போன் பண்ணினானே, சார்?”

“அவன் எப்படிப் பண்ணுவான்? அவன் போன் உன் அலமாரியில இருக்கே, அறுபத்தொண்ணு.”

“அதை எறும்பு தின்னுடுச்சு சார்!”

இதற்குத்தான் தாங்கள் எழுந்து நின்று என்னை முட்டாள் என்றீர்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைக் கேள்விப்பட்டிருக்கிறேன், ஒரு பிஸ்கட் பாக்கெட்டை அறிக்கையில் மறைக்கிறவரை இன்றுதான் பார்த்தேன். பத்து நாள் என்றால் என்ன என்று தங்களுக்குத் தெரியும். வரும் வியாழக்கிழமை செய்முறைத் தேர்வு. அது நடப்பது என் ஆய்வுக்கூடத்தில். நாற்பது மேஜைக்கும் நாற்பது குடுவை கழுவி வைப்பது நான்தான், அவள் மேஜையில் மட்டும் குடுவை இல்லாமல் விடச் சொல்கிறீர்கள். அந்தத் தேர்வை விட்டால் ஒரு வருஷம் போயிற்று. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே பழி மட்டும் அவளுக்கு, பாவம் நம் எல்லாருக்கும்.

நீங்கள்தான் எனக்கு இந்த வேலையை வாங்கிக்கொடுத்தீர்கள். மறக்கவில்லை. இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் என் கையைப் பிடித்து அந்த ஆய்வுக்கூடத்துக்குள் கூட்டிப் போய், “மச்சான், இங்கே அளவு தப்பினா வெடிச்சிடும், பார்த்து நடந்துக்கோ” என்றீர்கள். பார்த்துத்தான் நடக்கிறேன். அளவு தப்புகிறது அத்தான். ஊருக்கு உபதேசம் செய்துவிட்டு நாம் வீட்டில் ஒளித்து வைத்துக்கொள்வதைப் பிள்ளைகள் பார்க்கிறார்கள். செத்த போனைக் கொடுத்த நூற்று நாற்பத்து மூன்று பேரும் அந்த வித்தையை வானத்திலிருந்து கற்கவில்லை. ஆசிரியர் அறையில் கற்றார்கள், தங்கள் கோப்புகளுக்கு அடியில் கற்றார்கள். அவர்களைத் திட்டக்கூட எனக்கு வாய் வரவில்லை. ஆனால் ஒருத்தி, தன்னால் முடியவில்லை என்று ஒத்துக்கொண்டு, காப்பாற்று என்று கொண்டுவந்து கையில் கொடுத்தாள் பாருங்கள், அவளைத் தூக்கி வெளியே போட்டுவிட்டு அந்தக் கேடயத்தை எந்தச் சுவரில் மாட்டுவீர்கள்? எந்தச் சுவரில் மாட்டினாலும் ஆணி அடிக்க என்னைக் கூப்பிடாதீர்கள்.

கையெழுத்துப் போடவில்லை என்றால் சாவியை வைத்துவிட்டுப் போ என்றீர்கள். வைத்துவிட்டேன். இந்த உறையில் அலமாரிச் சாவி, ஆய்வுக்கூடச் சாவி, என் பணி விலகல் கடிதம் மூன்றும் இருக்கின்றன. பதிவேடுகளைத் திருத்தி எழுதச் சொன்னீர்கள், அவை திருத்தப்படவில்லை. மூன்றாவது பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் இன்றைய தேதியில், ‘எண் 61: பிஸ்கட். எண் 88: போன்’ என்று எழுதிக் கோடு போட்டு முடித்திருக்கிறேன். நாளை முதல் வேறு யாரையாவது வைத்து அந்தப் பிணங்களைப் பஞ்சு வைத்துத் துடைத்துக்கொள்ளுங்கள். என் முடிவில் மாற்றம் இல்லை. யார் சொன்னாலும் இல்லை.

தங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், படியில் திட்டிக்கொண்டு ஏறினால் முழங்காலுக்கு ஆகாது. அக்காவுக்கும் தங்களுக்கும் எல்லா நன்மையும் பெருக வேண்டும் என்ற விருப்பத்தோடும், குறையாத மரியாதையோடும் முடிக்கிறேன்.

இப்படிக்கு,
இந்தக் கடிதத்தில் மட்டும் கையெழுத்துப் போடும்
தங்கள் மைத்துனன்

பின்குறிப்பு: உறைக்குள் சாவி இருக்காது, தேடாதீர்கள். விலகல் கடிதமும் இருக்காது. கடிதத்தை மடித்துக்கொண்டிருக்கும்போது அந்தப் பெண் ஆய்வுக்கூட வாசலில் வந்து நின்றாள். கண் வீங்கியிருந்தது. இடைநீக்கத்தை எதிர்த்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. “பத்து நாளும் வீட்டுல இருக்கணும்னு சொல்லிட்டாங்கண்ணா. வீட்டுல இருந்தா இது கையிலயேதான் இருக்கும், படிச்சதெல்லாம் போயிடும். நீங்களே வெச்சுக்குங்க” என்று போனை நீட்டினாள். வேலையை விட்டவன் அதை எந்த உரிமையில் வாங்குவது? அவள் எதிரிலேயே விலகல் கடிதத்தைக் கிழித்துவிட்டு வாங்கிக்கொண்டேன். அப்படியே தங்கள் வீட்டுக்கு வந்தேன், கடிதத்தைத் தங்கள் கையில் நேராகக் கொடுத்துவிட. தாங்கள் குளித்துக்கொண்டிருந்தீர்கள். உறையை ஒட்ட மறந்திருந்தேன், அக்கா வாங்கி நின்றபடியே முழுவதும் படித்துவிட்டாள். துணி சோப்பு இடத்தில் சிரித்தாள், எண்பத்தெட்டாம் எண்ணில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு மேஜை மேல் இருந்த தங்கள் போனை எடுத்து என் சட்டைப் பையில் போட்டு, “அந்தப் பொண்ணு வியாழக்கிழமை பரீட்சை எழுதி முடிக்கிற வரைக்கும் இது உன் அலமாரியில இருக்கட்டும். அவரு வந்து கேட்டாலும் குடுக்காதே” என்றாள். இதை அடுக்களை மேஜையில் வைத்துத்தான் எழுதுகிறேன், தாங்கள் குளியலறையிலிருந்து, “என் போன் அடிக்குதா பாரு!” என்று இரண்டாம் தடவையாகக் கத்துகிறீர்கள். அடிக்கிறது அத்தான். எப்படி அணைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. நாளைக் காலை எட்டரைக்கு வழக்கம்போல அலமாரியைத் திறந்துவைப்பேன். பழைய ஒன்றாம் எண்ணில் வெறும் உறைதான் இருந்தது, அதைக் கழித்துவிட்டேன். இனி அந்த எண் தங்களுடையது. அக்கா வீட்டுச் சமையல் தராசில் இப்போதே பார்த்தாயிற்று: இருநூற்று நான்கு கிராம்.